கொறங்காட்டுக்கு உரம் போட்டது யார்?

எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு யாரும் உரம் போட்டு நான் பார்த்ததில்லை. தோட்டத்துக்குப் போடுவார்கள், தென்னைக்குப் போடுவார்கள், மழை நன்றாகப் பிடித்த வருசம் மானாவாரிச் சோளத்துக்குக்கூட ஒரு கை யூரியா விசிறுவார்கள். கொறங்காடு மட்டும் அது பாட்டுக்குக் கிடக்கும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் பச்சை கட்டும், தை பிறந்தால் பழுக்கும், பங்குனி சித்திரையில் வெறும் தூர்தான் நிற்கும், அதையும் செம்மறி விட்டுவைக்காது. பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது. காங்கயம் மாடு பெயர் வாங்கியதும் இந்தப் புல்லைத் தின்றுதான்.

இவ்வளவு காலமாக எடுத்துக்கொண்டே இருக்கிறோமே, அந்த மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தது யார்? காலையில் படலைத் திறந்து ஆட்டை விடுகிறோம். நாளெல்லாம் மேய்கிறது. சாயங்காலம் ஓட்டிக்கொண்டு போய் வெள்ளாமைக் காட்டில் பட்டி போடுகிறோம். இரவெல்லாம் புழுக்கையும் மூத்திரமும் அங்கேதான் விழுகின்றன. அடுத்த போகம் அந்த இடத்தில் சோளம் கருகருவென்று எழுந்து வருகிறது, பட்டி போட்ட காடு என்று பெருமையாகக் காட்டுகிறோம். அந்தச் சத்தெல்லாம் கொறங்காட்டிலிருந்து ஆட்டின் வயிற்றில் ஏறி வந்தது. தினமும் போகிறது, திரும்பி வருவதாகத் தெரியவில்லை. அப்படியானால் கொறங்காடு என்றைக்கோ வெறும் சரளையாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

இந்தக் கேள்வியைக் கிளறிவிட்டது எங்கள் மாமா காட்டுக்கு அக்கட்டால இருக்கும் கொறங்காடு. அதன் சொந்தக்காரர்கள் ஊரை விட்டுப் போய் வெகு காலமாகிறது, வருசக் குத்தகைக்கு விடுவார்கள். புதிதாக எடுத்தவர் மழை விழுந்த கையோடு யூரியாவை விசிறிவிட்டார். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சில்லறைக்குக் கிடைக்கிறது, குத்தகைப் பணத்தை எடுத்தாக வேண்டும், அவர் செய்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. புல் கரும்பச்சையாகத் திமுதிமுவென்று கிளம்பியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்கப் பார்க்க மாமாவுக்கும் ஆசை வந்துவிட்டது. “நாமளும் ரெண்டு மூட்டை வீசி உட்டா என்ன மாப்ள?” என்று என்னிடம் கேட்டார். அத்தை அடுப்படியில் இருந்தபடியே சொன்னார்: “அந்தக் காட்டுல செப்பு நெருஞ்சி ஒண்ணாச்சும் இருக்குதான்னு போய்ப் பாருங்க மொதல்ல. பச்சையா இருந்தாப் போதுமா? குட்டி கறி புடிக்கோணுமல்ல?”

ஆட்டுக்கணக்கு அந்த வீட்டில் அத்தை கையில்தான். எந்தக் குட்டி எந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போனது என்று பத்து வருசத்துக்கும் சொல்வார். அவர் வாயிலிருந்து வந்தது என்பதால் அந்தப் பேச்சை என்னால் தள்ள முடியவில்லை.

வேரைத் தோண்டிப் பார்த்தது

கொறங்காடு என்றால் கொழுக்கட்டைப் புல் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நல்ல மழைக்குப் பிறகு குனிந்து பார்த்தால் புல் தூருக்கும் தூருக்கும் இடையில் வேறு ஒரு கூட்டமே படர்ந்து கிடக்கும். தரையோடு தரையாக ஒட்டிப் படரும் செப்பு நெருஞ்சி, அதில் எள்ளளவு சிவப்புப் பூ. மூன்று மூன்றாக இலை விரித்து ஓடும் நரிப்பயறு. ஓரத்தில் கொழிஞ்சி. மழை சரியாக இல்லாத வருசம் இவை முளைத்ததே தெரியாமல் போய்விடும். காலில் குத்தும் நெருஞ்சி முள் வேறு குடும்பம், செப்பு நெருஞ்சி அவுரிக்கு நெருங்கிய சொந்தம். ஆக செப்பு நெருஞ்சி, நரிப்பயறு, கொழிஞ்சி மூன்றுமே பயறு வகை.

ஒரு கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் மழை பெய்து மண் பதமாக இருந்தபோது, களைக்கொத்தும் ஒரு பக்கெட் தண்ணீருமாக நானும் மாமாவும் போனோம். வெறும் கையால் பிடுங்கினால் வேர் அறுந்துவிடும், பார்க்க வேண்டியது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். செடியைச் சுற்றிச் சாண் அகலத்துக்குக் கொத்தி, மண்கட்டியோடு தூக்கி, தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மண் தானாகக் கரையும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு உதறினால் முடிச்சுகள் உதிர்ந்துவிடும். முதலில் எங்கள் பக்கத்து நரிப்பயறு. வேர் முழுக்கக் கடுகிலிருந்து மிளகு அளவு வரை உருண்டை உருண்டையாக. மாமா முகம் சுருங்கிவிட்டது. “நூற்புழு உழுந்திருச்சாட்ட இருக்குதே மாப்ள” என்றார். தக்காளியில் அந்த வேர்முடிச்சைப் பார்த்து நொந்தவர், அந்தப் பயம் நியாயமானதுதான். “இல்லீங்க மாமா, இதைத் தொட்டுப் பாருங்க” என்று காட்டினேன். நூற்புழு வந்தால் வேரே வீங்கும், வேரை அறுக்காமல் அந்த வீக்கத்தை எடுக்க முடியாது. இது வேருக்குப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நகத்தால் லேசாகத் தள்ளினால் தனியாகக் கழன்று வருகிறது. ஒன்றை நசுக்கினேன். உள்ளே நல்ல இளஞ்சிவப்பு, விரலில் ரத்தக்கறை போல ஒட்டியது.

அந்தச் சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின் என்ற பொருள். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவு, அதைப் போலவே ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும், ஆனால் காற்றிலிருக்கும் நைட்ரஜனை உடைக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுப்போகும். இரண்டையும் சமாளிக்கத்தான் இந்தச் சிவப்புப் பொருள்: ஆக்ஸிஜனைத் தளர விடாமல், அளந்து அளந்து கொடுக்கிறது. ஆகவே முடிச்சு உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை, அல்லது நடந்து முடிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள எந்த ஆய்வகமும் வேண்டாம், நகம் போதும்.

பிறகு குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனோம். புல்லை விலக்கி விலக்கித்தான் நரிப்பயறைத் தேட வேண்டியிருந்தது. நிழலில் வெளுத்து, கொடி நீண்டு, இலை சிறுத்துப் போயிருந்தது. செப்பு நெருஞ்சி கிளுவை ஓரத்தில், யூரியா விழாத இடத்தில் மட்டும். தோண்டிக் கழுவினால் வேரில் முடிச்சு அங்கங்கே ஒன்றிரண்டு, அதுவும் கடுகைவிடச் சிறியது, நசுக்கினால் வெளிர் பச்சை. அதே மண், அதே மழை, நடுவில் ஒரு கிளுவை வேலிதான். மாமா இரண்டு செடியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் எல்லாம் திரும்பியது அந்த இடத்தில்தான். அதுவரை தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மூட்டையில் வந்தாலும் வேரில் வந்தாலும் ஒன்றுதான், இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்ற எண்ணத்துக்கு இடம் இருந்தது. சேராது. ஒன்று வந்தால் மற்றொன்று போய்விடுகிறது.

ஏன் போகிறது என்பது செலவைப் பார்த்தால் புரிகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் என்பதை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம், ரைசோபியம் பாக்கெட்டைக் கஞ்சியில் கலந்து உளுந்து விதைக்குப் பூசியும் இருக்கிறோம், அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நைட்ரஜன் இரண்டு அணுக்கள் மும்மடிப் பிணைப்பில் இறுகிக் கிடப்பது. உரத் தொழிற்சாலையில் அதைப் பிரித்து அம்மோனியா ஆக்க 400 முதல் 500 டிகிரி சூடும், காற்றழுத்தத்தைப் போல 150, 200 மடங்கு அழுத்தமும் கொடுக்கிறார்கள். நரிப்பயறின் வேர் அதை மண்ணின் சாதாரணச் சூட்டில் செய்கிறது, ஆனால் சும்மா செய்யவில்லை. ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்ற பாக்டீரியாவுக்கு ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு குறைந்தது 16 செலவாகிறது. அந்தச் சக்தி முழுவதும் செடி தன் இலையில் செய்து வேருக்கு அனுப்பிய சர்க்கரையிலிருந்து வர வேண்டும். மண்ணில் ஏற்கெனவே நைட்ரேட் கிடந்தால் செடி எதற்கு அவ்வளவு சர்க்கரையைக் கொட்டும்? முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்கிறது, வைத்த முடிச்சையும் பட்டினி போடுகிறது. இதற்குள் யூரியா தின்ற புல் வளர்ந்து வெயிலை மறைத்துவிட்டால் தரையோடு படரும் செடிக்கு இருந்த கொஞ்ச வருமானமும் போயிற்று. இரண்டு பக்கமும் அடி.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற பண்ணையில் 1856இல் ஒரு புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரம் போட ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பார்க் கிராஸ் என்று பெயர். தழைச்சத்து போட்ட துண்டுகளில் புல் ஓங்கிப் பயறு வகைச் செடிகள் ஏறக்குறைய காணாமல் போயின. தழைச்சத்து இல்லாமல் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மட்டும் போட்ட துண்டுகளில் பயறு வகைகள் நிறைந்தன. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது என்னவென்றால், அதே பண்ணையில் அந்தப் புல்வெளிச் சோதனையைத் தொடங்கிய லாஸும் கில்பர்ட்டும் பியூ என்பவரோடு சேர்ந்து 1857-58இல் செடிகள் காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கின்றனவா என்று கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்த்து மிகக் கவனமாகச் சோதித்து, இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். சோதனை மண்ணில் வேறு நைட்ரஜன் எதுவும் கலந்துவிடக் கூடாது என்று அதை நன்றாகச் சுட்டு எடுத்திருந்தார்கள், மண்ணோடு பாக்டீரியாவும் செத்துவிட்டது. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886இல் வேர்முடிச்சுதான் காரணம் என்று அறிவிக்கும்வரை விஷயம் இழுபறியாகவே இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் கிடைக்காத பதில் வெளியே புல்வெளியில் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

கணக்குப் போட்டால்

சரி, இந்தச் சின்னச் செடிகளால் எவ்வளவு கிடைத்துவிடும்? பயறு வகைத் தழை காய்ந்த எடையில் ஒரு டன் விளைந்தால் காற்றிலிருந்து சுமார் 20 கிலோ தழைச்சத்து பிடித்திருக்கும் என்பது புல்வெளி ஆராய்ச்சிக்காரர்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் தோராயம். கொறங்காட்டில் டன் கணக்கில் எங்கே விளையப் போகிறது, நல்ல மழை வருசத்தில் ஏக்கருக்கு 200 கிலோ காய்ந்த தழை என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 4 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, மூட்டைக்கு 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் இந்தச் செடிகள் முழுக்கச் சேர்ந்து ஏக்கருக்குக் கால் மூட்டை யூரியாகூடக் கொடுக்கவில்லை. இதைக் கேட்டதும் இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும்.

செலவுப் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். ஒரு செம்மறி நாளுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் காய்ந்த தீனி தின்கிறது என்று கொள்ளலாம், அதில் தழைச்சத்து 10 கிராம் போல இருக்கும். தின்றதில் பெரும்பகுதி பின்வழியாக வெளியே வந்துவிடும், அதில் பாதி ராத்திரி பட்டியில் என்றால் ஆட்டுக்கு 4, 5 கிராம். ஐம்பது ஆடு, வருசத்தில் பாதி நாள் பட்டி வெள்ளாமைக் காட்டில் என்றால் 40 கிலோ. மாமாவின் கொறங்காடு பத்துப் பன்னிரண்டு ஏக்கர். ஏக்கருக்கு 4 கிலோ வீதம் வரவு 40 முதல் 48. வேரில் தங்குவதையும், மழையும் மின்னலும் கொண்டுவரும் கொஞ்சத்தையும், புல்லின் வேரை அண்டி வாழும் அசோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாக்கள் பிடிப்பதையும் நான் சேர்க்கவில்லை, ஆவியாகிப் போவதையும் கழிக்கவில்லை. சந்தைக்குப் போகும் குட்டி கொண்டுபோவது இதன் பக்கத்தில் கொஞ்சம்தான். நூறு கிலோ உயிர் எடைக்குச் சுமார் இரண்டரை கிலோ. கையால் போட்ட கணக்குதான் இது, ஆனால் கொறங்காடு ஏன் சரளையாகப் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. எடுத்தது கொஞ்சம், வந்தது கொஞ்சம், இரண்டும் பல தலைமுறை ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே நின்றிருக்கின்றன.

இனி அத்தை சொன்ன குட்டி விஷயம். கொழுக்கட்டைப் புல் பிஞ்சாக இருக்கும்போது நல்ல தீனி. முற்றிக் காய்ந்தால் அதில் புரதம் 5, 6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தீனியில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆட்டின் பெருவயிற்றிலிருக்கும் நுண்ணுயிரிகளுக்கே தழைச்சத்து பற்றாமல் போகிறது. அவை நார்ச்சத்தைச் செரிக்கத் திணறுகின்றன, தின்றது வயிற்றிலேயே தங்குகிறது, ஆடு மேய்ச்சலைக் குறைத்துக்கொள்கிறது. காடு நிறையப் புல் நின்றும் ஆடு மெலிவது இதனால்தான். பயறு வகைத் தழையில் புரதம் சாதாரணமாக 15 சதவீதத்துக்கு மேல். நாலு வாய் புல்லுக்கு ஒரு வாய் நரிப்பயறு சேர்ந்தால் அந்தப் புல்லும் செரிக்கிறது. யூரியா போட்ட புல்லும் பிஞ்சில் புரதம் நிறைந்துதான் இருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் அது சீக்கிரம் கதிர் தள்ளித் தண்டு முற்றிவிடுகிறது, தை மாசத்துக்கு மேல் கலந்து தின்ன வேறெதுவும் அங்கே மிச்சமில்லை. அத்தையின் கணக்கு தை மாசத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

புல்லுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது

இயற்கை விவசாயக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு, பயறு வகைச் செடி பக்கத்தில் நின்றாலே புல்லுக்குத் தழைச்சத்து ஊட்டும் என்பது. உயிரோடு நிற்கும் செடி வேர் வழியாகக் கசியவிடுவது சொற்பம். பிடித்ததை அது தனக்காகத்தான் பிடிக்கிறது, இலைக்கும் காய்க்கும் அனுப்புகிறது, காய் கட்டும் நேரத்தில் முடிச்சுகளே ஓய்ந்து கருத்துப்போகும். புல்லுக்குக் கிடைக்க வேண்டுமானால் ஒன்று அந்தச் செடி சாக வேண்டும், இலை உதிர்ந்து வேரும் முடிச்சும் மக்க வேண்டும். இல்லையென்றால் அதை ஒரு ஆடு தின்ன வேண்டும். கொறங்காட்டில் பெரிய வழி ஆடுதான். தின்ற தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெளியே வந்துவிடுகிறது, பயறு வகை தின்றால் அதில் பெரும்பகுதி மூத்திரத்தில். மூத்திரம் விழுந்த இடத்தில் புல் வட்டமாகக் கரும்பச்சையாக எழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். காய்ந்த சூட்டு மண்ணில் விழுந்தால் பாதிக்கு மேல்கூட அம்மோனியாவாகக் காற்றுக்கே திரும்பிவிடலாம், ஈர மண்ணில் விழுந்தால் பெரும்பகுதி தங்கும். ஆகவே மழை மாசத்திலாவது பட்டியைக் கொறங்காட்டுக்குள்ளேயே, நாலு நாளைக்கு ஒரு இடமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பது என் கட்சி. எப்படியும் அந்த மாசங்களில் வெள்ளாமைக் காட்டில் பயிர் நிற்கும்.

கொழிஞ்சி கதை வேறு. அதை ஆடு மாடு சீந்தாது. அதன் தழைச்சத்து ஆட்டு வயிற்றுக்குப் போகாமல் சருகாக அங்கேயே விழுகிறது. மெதுவான வழி, ஆனால் காட்டை விட்டு வெளியே போகாத வழி. தின்னாத செடி எதற்கு என்று கொழிஞ்சியை வெட்டி எறிபவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

காய் தொங்கும் செடியெல்லாம் தழைச்சத்து பிடிக்கும் என்று நினைப்பதும் பரவலாக இருக்கிறது. ஆவாரை பயறு வகைக் குடும்பத்துச் செடிதான். காய் அப்படியே அவரைக்காய்ச் சாடைதான். பொங்கலுக்குக் காப்புக்கட்ட நாம் ஒடிக்கும் அந்த ஆவாரைக்கு வேர்முடிச்சு கிடையாது. கொன்றைக்கும் இல்லை, புளிய மரத்துக்கும் இல்லை. ஆவாரைத் தழையை வயலில் மிதித்தால் நல்ல உரம்தான், ஆனால் அது மண்ணிலிருந்து எடுத்ததை இடம் மாற்றுவது, காற்றிலிருந்து புதிதாகக் கொண்டுவருவதல்ல. பசுந்தழை உரம் என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதிக் கொடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

காற்றில் கிடைக்காதது

மாமாவின் கொறங்காட்டுக்கு எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தழைச்சத்துக்குக் காற்று இருக்கிறது. மணிச்சத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. எலும்பிலும் புழுக்கையிலும் போனது போனதுதான், மேலிருந்து எதுவும் இறங்காது. பயறு வகைச் செடிக்கு மணிச்சத்து புல்லைவிட அதிகம் தேவை, முடிச்சு கட்டவும் வேண்டும், அந்த ஏடிபி செய்யவும் வேண்டும். சுண்ணாம்புக் கல் கலந்த நம் செம்மண்ணில் இருக்கும் மணிச்சத்தும் கால்சியத்தோடு இறுகி வேருக்கு எட்டாமல் கிடக்கிறது. பல தலைமுறைப் பட்டியும் சந்தையும் கொண்டுபோனது அதுதான் என்று நினைக்கிறேன். அக்கட்டாலக்காரர் யூரியாவுக்குப் பதில் அதே பணத்தைச் சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தில் போட்டிருந்தால் முதல் வருசம் கண்ணுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ராதம்ஸ்டெட் துண்டுகளில் நடந்ததை வைத்துப் பார்த்தால், போகப் போகப் புல்லுக்கு நடுவில் பயறு வகைகள்தான் தலையெடுத்திருக்கும். வருசக் குத்தகைக்காரரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அடுத்த வருசம் அந்தக் காடு அவர் கையில் இருக்குமா என்பதே தெரியாதபோது அவர் எதற்குக் காத்திருக்க வேண்டும்? நிலத்தை எட்டியிருந்து குத்தகைக்கு விடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்று வருசத்துக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்தாலே காட்டை எடுப்பவர் மனசு மாறும்.

இன்னொன்று விதை. நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் மழைக்குப் பிறகு கொஞ்ச நாளில் பூத்துக் காய்த்தாக வேண்டும். அதற்குள் ஆடு உள்ளே போனால் முதலில் தேடித் தின்பது இவற்றைத்தான். இரண்டு மூன்று வருசம் தொடர்ந்து காய் விழாமல் மேய்ந்துவிட்டால் மண்ணிலிருக்கும் விதை தீர்ந்துபோகும், அப்புறம் யூரியா போடாமலேயே அக்கட்டால காட்டின் கதிதான். பெரியவர்கள் காட்டைக் கிளுவை வேலியால் மூன்று நாலு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தது இதற்கும் சேர்த்துத்தான் உதவியிருக்கிறது. இப்போது பல இடங்களில் உள்வேலி செத்துப்போய் ஒரே வெளியாகக் கிடக்கிறது, கம்பி போட்டால் வெளிவேலிக்கு மட்டும் போடுகிறார்கள். விதை அறவே போய்விட்ட காட்டில் முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனச் செடியின் விதையைத் தூவலாம். வறட்சி தாங்கும், ஆடு விரும்பித் தின்னும். அதன் விதைத்தோல் கெட்டி, சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்காமல் விதைத்தால் முளைப்பது குறைவு. இருந்தாலும் தானாக இருக்கும் நரிப்பயறைக் காப்பாற்றுவதுதான் செலவில்லாத வேலை. அது இந்த மண்ணில் இருக்கும் ரைசோபியத்தோடு பழகியது, பாக்கெட்டே தேவையில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் ஒரே மூச்சில் கொட்டவில்லை, போகும்போது வரும்போது பேசியதுதான். யூரியா பேச்சை அவர் விட்டுவிட்டார். கிணற்றுப் பக்கத்துத் துண்டுக்கு மட்டும் புரட்டாசியில் சூப்பர் பாஸ்பேட் போட்டுப் பார்க்க ஒத்துக்கொண்டார். அந்தத் துண்டை மார்கழி முடியும்வரை ஆடு விடாமல் அடைத்துவைக்க வேண்டும் என்றதும்தான் சிக்கல். அவ்வளவு நாள் அம்பது ஆட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்கிறார், ஞாயமான கேள்வி, சோளத்தட்டுப் போரும் அந்த நேரத்தில் அடிமட்டத்தில்தான் இருக்கும். அத்தை இடையில் வந்து, மார்கழி வேண்டாம், நரிப்பயறில் முதல் காய் கருத்து வெடிக்கும்வரை அடைத்தால் போதும், அப்புறம் குட்டிகளை மட்டும் உள்ளே விடலாம், தாயாடு வெளியே மேயட்டும் என்றார். உள்வேலிக்குக் கிளுவைப் போத்து நட மாமா ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.